பொன்னியின் செல்வன் சித்திரக்கதை: கட்டத்தில் கல்கியின் குரல் வேண்டுமா?

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைச் சித்திரக்கதையாக்க நானும் ஓவியர் நண்பரும் உட்கார்ந்தபோது முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது இதுதான்: கதைசொல்லியின் பேச்சைக் கட்டம் போட்டு எழுதுவதா, இல்லை படங்களையும் பேச்சுக்குமிழ்களையும் மட்டும் நம்புவதா? நாங்கள் கதைசொல்லியை வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

படமே பேசுவதில் இருக்கும் நன்மைகள் தெரிந்தவைதான். பக்கத்தில் நெரிசல் இருக்காது, சிறுவர்கள் விறுவிறுவென்று புரட்டுவார்கள். கதை தொடங்கும் வீரநாராயண ஏரியின் 74 கணவாய்களிலும் (மதகுகளிலும்) ஆடிப் புதுவெள்ளம் பாய்வதை இரு பக்கம் விரித்து வரைந்துவிட்டால் விளக்கமே தேவையில்லை. ஆனால் இது 293 அத்தியாயக் கதை. கதாநாயகன் வந்தியத்தேவனின் ஒவ்வொரு பயணத்தையும் படத்திலேயே காட்டினால் பக்கங்கள் எங்கேயோ போய்விடும். கட்டத்தில் இரண்டு வரி போதும்.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். எங்களை முடிவெடுக்க வைத்தது கதையில் இருக்கும் ரகசியங்கள். பழுவூர் இளைய ராணி நந்தினிக்கும் ஊமை ராணி மந்தாகினிக்கும் ஒரே முகச்சாயல். பாதிக் கதை அதன்மேல்தான் நிற்கிறது. சக்கரவர்த்தி சுந்தர சோழர் இரவில் ஓர் உருவத்தைக் கண்டு, இறந்துவிட்டதாகத் தாம் நம்பும் மந்தாகினி ஆவியாக வந்துவிட்டாள் என்று அலறுகிறார். வந்தது நந்தினி. கல்கி எழுத்தில் இதை மறைக்கலாம். ஓவியர் எப்படி மறைப்பது? முகத்தை வரைந்தால் குட்டு உடைந்துவிடும்.

அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தோம். கட்டம் இல்லாத பக்கத்தில் உருவம் முதுகைக் காட்டி நின்றது. பார்த்தவர்கள் உடனே, "ஏன் முகத்தை மறைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். இன்னொன்றில் உருவமே இல்லை. விளக்கொளியில் சக்கரவர்த்தியின் விரிந்த கண்கள், படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்த விரல்கள். அவர் கண்டதாக நம்புவதைக் கட்டத்தில் கதைசொல்லி சொல்கிறார். யாரும் முகத்தைக் கேட்கவில்லை, பயந்தார்கள்.

ஒரு சிரமம் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கட்டம் சட்டென்று வீங்கிவிடும். மூன்று வரிக்கு மேல் போனால் வெட்டுகிறோம்.

சண்டைக்கும் புயலுக்கும் இந்த முறை சரிவருமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நாங்கள் இன்னும் முதல் பாகத்தில்தான் இருக்கிறோம். சுழற்காற்று என்ற இரண்டாம் பாகத்தில் கப்பல் தீப்பற்றும் இடம் வரும்போது, கட்டமே இல்லாமல்தான் முதல் வரைவு போடப் போகிறோம்.