கல்லீரல் புழு ஆராய்ச்சிக்கு எது சரி: சுண்டெலியா, எலியா, ஹாம்ஸ்டரா, செம்மறி ஆடா?

லேப்ல கல்லீரல் புழு தொற்று உண்டாக்கிப் பாக்கணும்னா முதல் கேள்வி எந்த விலங்குலங்கறதுதான். ஆனா நிறைய இடத்துல அப்படி ஒரு கேள்வியே எழறதில்ல, கூண்டுல ஏற்கனவே சுண்டெலி இருக்கு, அதுலயே பண்ணிடலாம்னு முடிவாயிடுது. பின்னாடி வர்ற குழப்பத்துல பாதிக்கு இதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

விலங்கைப் பாக்கறதுக்கு முன்னாடி எந்தப் புழுன்னு பாக்கணும். ஃபாசியோலா ஹெபாடிகாங்கற புழு வயித்துக்குள்ள போனதும் சிஸ்ட்டை (குட்டிப் புழுவைச் சுத்தி இருக்கற கூடு) விட்டு வெளிய வந்து, குடல் சுவரைத் துளைச்சு, வயித்துக் குழிக்குள்ள இறங்கி, கல்லீரலோட மேல் உறையைக் கிழிச்சுட்டு உள்ள நுழைஞ்சு, வாரக்கணக்குல கல்லீரல் திசுவைத் தின்னுக்கிட்டே போய் கடைசியாதான் பித்தநாளத்துல செட்டில் ஆகும். ஒபிஸ்தோர்கிஸ், குளோனார்கிஸ்னு வேற ரெண்டு வகைப் புழு அப்படி இல்ல, சிறுகுடலோட ஆரம்பத்துல வெளிய வந்து பித்தநாளம் திறக்கற வாய் வழியாவே மேல ஏறிடும், கல்லீரலைத் துளைக்கற வேலையே கிடையாது. ரெண்டுக்கும் கல்லீரல் புழுன்னுதான் பேரு, ஆனா ஒண்ணுக்குப் பொருந்தற விலங்கு இன்னொண்ணுக்குப் பொருந்தும்னு எதிர்பாக்கவே கூடாது.

முதல்ல ஃபாசியோலாவும் சுண்டெலியும் (mouse). வசதின்னு பாத்தா இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஜீன் நீக்கின ஸ்ட்ரெய்ன் கிடைக்கும், செல்லையும் புரதத்தையும் அடையாளம் காண உதவற ஆன்டிபாடி எது வேணும்னாலும் வாங்கலாம், புழுவும் சீக்கிரம் வளரும். நாலு நாள் வாக்குல கல்லீரலுக்குப் போயிடும், மூணு நாலு வாரத்துல பித்தநாளம், அஞ்சு வாரம் போல முட்டை. பிரச்சனை என்னன்னா சுண்டெலியோட கல்லீரல் மொத்தமே ஒண்ணு ஒண்ணரை கிராம்தான், அதுக்குள்ள நாலஞ்சு புழு குடைஞ்சா என்ன மிஞ்சும்? பத்து மெட்டாசெர்கேரியா (சிஸ்ட்டுக்குள்ள இருக்கற குட்டிப் புழு) குடுத்தாலே பெரும்பாலும் ரத்தக்கசிவுல செத்துப்போயிடும். மூணாவது வாரம் திறந்து பாத்தீங்கன்னா கல்லீரல் மேல வெளுத்த மஞ்சள் கோடு கோடா சுரங்கம் போன தடம் தெரியும், பக்கத்து உறுப்பு மேல ஃபைப்ரின் (ரத்தம் உறையறப்ப வர்ற நார்ப்பொருள்) ஒட்டிக்கிட்டு இருக்கும், பித்தநாளம் வீங்கி அதோட சுவர் வழியாவே உள்ள புழு கருப்பா தெரியும். அவ்வளவு சின்ன உடம்புக்கு இது ரொம்பப் பெரிய வேதனை. அதனால ஆரம்ப கட்ட இம்யூனிட்டி, குட்டிப் புழு எப்படி நகருது, இந்த மாதிரி கேள்விக்கு மட்டும் சுண்டெலியை வச்சுக்கிட்டு, டோஸ் குறைச்சலா குடுத்து, எந்த நிலைமைக்கு வந்தா கருணையோட முடிச்சிடணும்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு ஆரம்பிக்கணும்.

டோஸ்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், எந்த விலங்கா இருந்தாலும் சிஸ்ட்டை மைக்ரோஸ்கோப்ல ஒவ்வொண்ணா எண்ணித்தான் குடுக்கணும். பாக்கறதுக்கு கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, ஆனா பிளாஸ்டிக்ல நல்லா ஒட்டிக்கும், குழாய் ஊசியால வயித்துக்குள்ள செலுத்தினதுக்கு அப்புறம் ஊசியையும் டியூபையும் தண்ணி விட்டு அலசி மிச்சம் எத்தனைன்னு திரும்ப எண்ணணும். ஆட்டுக்கு நூத்துல ரெண்டு ஒட்டிக்கிட்டா பரவாயில்ல, சுண்டெலிக்கு அஞ்சுல ரெண்டு போச்சுன்னா அந்த விலங்கோட டேட்டாவே போச்சு. மனுஷன் வாய்க்குள்ள போனாலும் தொத்தற சமாச்சாரம், கிளவுஸ் இல்லாம தொடவே கூடாது.

எலிதான் (சுண்டெலி இல்ல, பெரிய எலி, rat) எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச மாடல், அதே சமயம் தப்பா புரிஞ்சுக்கப்படறதும் அதுதான். இருபது மெட்டாசெர்கேரியா குடுத்தாலும் பொதுவா தாங்கிக்கும், பித்தப்பை கிடையாதுங்கறதால முட்டை எங்கயும் தேங்காம நேரா குடலுக்கு வந்துடும். ஒரு தடவை தொத்தின எலிக்கு மறுபடி குடுத்தா, புதுசா வர்ற குட்டிப் புழுவுல பெரும்பகுதி குடல் சுவர்லயும் வயித்துக் குழிலயும் தடுக்கப்பட்டுடும். எலியோட வயித்துக் குழில இருக்கற செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வச்சு குட்டிப் புழுவைக் கொல்லும், செம்மறி ஆட்டுல அந்த வேலை நடக்கறதில்ல. ஆடு எத்தனை தடவை தொத்தினாலும் ஹெபாடிகாவுக்கு எதிரா உருப்படியா எதிர்ப்பு சக்தி வளர்த்துக்காது. ஆக, ஒரு தடுப்பூசி எலில பிரமாதமா வேலை செஞ்சுதுன்னா, ஊசி செஞ்ச வேலை எவ்வளவு, எலி தானாவே செஞ்ச வேலை எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கணும், அதைப் பாக்காம ஆட்டுக்குப் போனா ஏமாற்றம்தான். எதிர்ப்பு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கணுமா, தாராளமா எலி. ஊசி பலிக்குமான்னு முடிவா சொல்லணுமா, எலி பத்தாது.

முயலுக்கும் கினிப் பன்றிக்கும் நல்லாவே தொத்தும், ஆனா ரெண்டுமே இப்போதைய வேலைக்கு ரெண்டாவது சாய்ஸ்தான், ஆன்டிபாடி மாதிரி சாமான் கிடைக்கறது கம்மி.

செம்மறி ஆடுதான் நிஜமான ஓம்புயிர், அதாவது புழு இயல்பா வாழற விலங்குங்கறதால கடைசித் தீர்ப்பு அங்கதான். வழக்கமா நூறு, இருநூறு மெட்டாசெர்கேரியா குடுப்பாங்க, முட்டை வர எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும், இடம் வேணும், பொறுமை வேணும், ஒரு குரூப்புக்கு நிறைய விலங்கு வைக்க முடியாததால ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் உங்க முடிவையே முழுங்கிடும். ஒரு நல்லது, பித்தப்பைல முட்டை நிறைய சேர்ந்திருக்கும், அதை எடுத்து, புழு நடுவுல வளர்ற நத்தைக்கு அடுத்த ரவுண்டு தொற்று குடுத்து புழுவோட வாழ்க்கைச் சுழற்சியை ஓட்டிக்கலாம். மருந்து டெஸ்ட்டுக்கும் இதே கதைதான், கல்லீரல் புழு மருந்தான ட்ரைக்ளாபெண்டசோலை எலில முதல்ல ஓட்டிப் பாக்கலாம், ஆனா மருந்து உடம்புல உடையற விதம் விலங்குக்கு விலங்கு மாறும்.

ஒபிஸ்தோர்கிஸ் விவெரினின்னா யோசிக்கவே வேண்டாம், சிரியன் ஹாம்ஸ்டர். இந்தப் புழு தொத்தின கெண்டை இன மீனை பெப்சின் அமிலத்துல செரிக்க வச்சு மெட்டாசெர்கேரியாவைப் பிரிச்சு எடுத்துக் குடுத்தா ஒரு மாசம் வாக்குல முட்டை வந்துடும், சுண்டெலில அந்த அளவுக்கு வளராது. முக்கியமா புற்றுநோய் வேலை. தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1978ல வெளியிட்ட ஆய்வுல, புழுவும் குடிதண்ணில குறைஞ்ச அளவு டைமெத்தில்நைட்ரோசமைனும் (புற்று உண்டாக்கற ஒரு வேதிப்பொருள்) சேர்த்துக் குடுத்த ஹாம்ஸ்டருக்கு பித்தநாளப் புற்று வந்துச்சு, தனித்தனியா குடுத்ததுக்கு வரல. 1994ல இந்தப் புழு, சர்வதேச புற்றுநோய் ஆய்வு அமைப்போட (IARC) பட்டியல்ல மனுஷனுக்குப் புற்று உண்டாக்கற முதல் பிரிவுல சேர்க்கப்பட்டதுக்குப் பின்னாடி இந்த மாதிரி விலங்கு ஆய்வும் இருக்கு. ஹாம்ஸ்டரோட குறை, அதுக்குன்னு தயாரான ஆன்டிபாடி ரொம்பக் கம்மி, சுண்டெலிக்குப் பழகினவங்க இங்க வந்தா கை கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்.

வெப்ப நாடுகள்ல ஹெபாடிகாவோட நெருங்கின சொந்தமான ஃபாசியோலா ஜைஜான்டிகாவை வச்சு ஆராய்ச்சி பண்றவங்க ஹெபாடிகா பேப்பரைப் பாத்து சுண்டெலியையும் எலியையும் அப்படியே எடுத்துக்கறாங்க. சுண்டெலிலயும் எலிலயும் இது ஹெபாடிகா மாதிரி சரியா வளர்ந்து முதிர்ச்சி ஆகறதில்ல. ஆடுன்னு போனாலும் எந்த இனம்னு பாக்கணும். இந்தோனேசியாவோட மெல்லிய வால் செம்மறி ஆடு ஜைஜான்டிகாவை நல்லா எதிர்க்கும், அதோட செல்கள் சூப்பர் ஆக்சைடால குட்டிப் புழுவைக் கொல்லும், அதே ஆட்டுக்கு ஹெபாடிகாவைக் குடுத்தா அந்த எதிர்ப்பு எடுபடாம தொற்று பிடிச்சுக்கும்.