சளி சிரப்பா, சலைன் சொட்டா, தேனா? சின்னக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது

சளி, இருமல் சிரப்பை முதலில் 2 வயதுக்குள் கூடாது என்றார்கள், அப்புறம் 4 என்றார்கள், இப்போது 5 என்கிறார்கள், லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் அங்கே 6 என்கிறார்கள். குழந்தைக்கு மூக்கு ஒழுகும்போது இதில் எதை நம்புவது என்று பெற்றோருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2008 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2 வயதுக்குள் வேண்டாம் என்றது. அதே வருடம் அக்டோபரில் மருந்து தயாரிப்பாளர்களே லேபிளில் 4 என்று மாற்றினார்கள். 2009-ல் பிரிட்டன் 6 என்றது. இந்தியாவில் 2023 டிசம்பரில், சளி சிரப்புகளில் வழக்கமாக இருக்கும் குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்துக்கு 4 வயது எல்லை வந்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம், 2 வயதுக்குள் சளி, இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. எல்லை ஏறிக்கொண்டே வந்திருக்கிறதே தவிர எங்கேயும் இறங்கவில்லை. அதனால் "இன்றைக்கு ஒன்று சொல்கிறார்கள், நாளைக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. இந்த சிரப்புகள் சின்னக் குழந்தைக்கு வேலை செய்ததாக யாரும் சரியாக நிரூபித்ததே இல்லை, அதை ஒவ்வொரு நாடும் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

சரி, சிரப்பையே முதலில் எடுப்போம். கடையில் கிடைக்கும் கலவை சளி சிரப்பில் வழக்கமாக மூன்று சரக்கு இருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கு ஒழுகலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைல்எஃப்ரின். இதில் பினைல்எஃப்ரினை வாய்வழியாகக் கொடுத்தால் பெரியவர்களுக்கே மூக்கடைப்பு குறைவதில்லை என்று 2023 செப்டம்பரில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. குளோர்பெனிரமின் தூக்கம் வரவழைக்கும். குழந்தை அசந்து தூங்குவதைப் பார்த்து "மருந்து கேட்குது" என்று நாம் நிம்மதி அடைகிறோம், சளி இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவது பாராசிட்டமால். காய்ச்சலுக்குத் தனி சிரப்பும் சளிக்குக் கலவை சிரப்பும் கொடுக்கும் வீட்டில், யாருக்கும் தெரியாமலே குழந்தைக்குப் பாராசிட்டமால் இரண்டு பங்கு போய்விடுகிறது. பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிக்காமல் இது கண்ணில் படாது.

கோல்ட்ரிஃப் விஷயத்தை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அது வேறு ஆபத்து. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பைக் குடித்து 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இது முதல் தடவையும் இல்லை, 1972-ல் சென்னையிலும் 1986-ல் மும்பையிலும் 1998-ல் குர்கானிலும் இதே விஷம் உயிர் குடித்தது, 2022-ல் இங்கிருந்து காம்பியாவுக்குப் போன சிரப்பிலும் இதே கதை. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் செய்ததெல்லாம் மருந்துச் சீட்டில் எழுதியதை வாங்கிக் கொடுத்தது மட்டும்தான், அவர்கள் மேல் ஒரு சொல்கூடப் பழி போடக் கூடாது. இதற்குப் பிறகு நிறையப் பேர் "பெரிய கம்பெனி மருந்தா வாங்கினா போச்சு" என்கிறார்கள். அது விஷக் கலப்புப் பயத்துக்கு வேண்டுமானால் ஓரளவு பதில். சுத்தமாகத் தயாரித்த சிரப்பும் 2 வயதுக் குழந்தையின் சளியைக் குறைக்காது என்பதற்கு அது பதில் இல்லை.

காய்ச்சலோடு குழந்தை சிணுங்கினால் தனிப் பாராசிட்டமால் நல்லது, ஆனால் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். இதுவே சொட்டு மருந்தில் (1 மில்லியில் 100 மில்லிகிராம்) ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் (5 மில்லியில் 250 மில்லிகிராம்) 3 மில்லி, 120 சிரப்பில் (5 மில்லியில் 120 மில்லிகிராம்) 6 மில்லி சொச்சம். 120 சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலில் இருந்து எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். அதனால் டாக்டர் எத்தனை மில்லி என்று சொல்லும்போது எந்த பாட்டில் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். சமையலறை ஸ்பூனில் அளக்கவே வேண்டாம்.

மூக்கடைப்புக்கு சிரப்பையும் சலைன் சொட்டையும் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் சலைனைத்தான் எடுப்பேன். வெறும் உப்புத் தண்ணீர்தான், விலையும் குறைவு, பால் குடிக்கும் முன் இரண்டு சொட்டு விட்டு இளகிய சளியைத் துடைத்தோ ரப்பர் குமிழால் உறிஞ்சியோ எடுத்தால் குழந்தை மூச்சு முட்டாமல் பால் குடிக்கும். பெரியவர்களின் மூக்கடைப்பு சொட்டை மட்டும் இதோடு மாற்றி எடுத்துவிடாதீர்கள், பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

இருமலுக்குத் தேன். 2007-ல் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வில், இரவு இருமலுக்குத் தேன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமல் மருந்து, ஒன்றுமே கொடுக்காதது என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். தேன் முந்தியது. மருந்துக்கும் சும்மா இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தூங்கப் போகும் முன் அரை ஸ்பூன் போதும். ஆனால் 1 வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷம் உண்டாக்கும். பிறந்ததும் நாக்கில் தேன் தடவிச் சேனை வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, பெரியவர்கள் மனம் நோகாமல் அதை மறுத்துத்தான் ஆக வேண்டும்.

பாட்டி வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்க்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் பக்கம் சாதாரணம், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் பட்டால் இன்னும் மோசம், கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். விக்ஸ் லேபிளிலேயே 2 வயதுக்குள் கூடாது என்றுதான் இருக்கிறது. வசம்பு உரசிக் கொடுப்பதையும் விட்டுவிடலாம். ஆவி பிடிக்க வைப்பதில் பலனைவிடக் கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்துதான் பெரிது. 1 வயது தாண்டிய குழந்தைக்கு இளஞ்சூடாக ரசமோ கஞ்சியோ தாராளமாகக் கொடுக்கலாம், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பால்.

கடைசியாக, ஒன்றுமே கொடுக்காமல் பொறுத்திருப்பது. சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் இதுவே போதும், ஆனால் இருமல் மூன்று வாரம் வரைகூட இழுக்கும் என்பதால் மனசு கேட்காது. அந்த நேரத்தில் இருமல் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 1 வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்து மயங்கினாற்போல் கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், 3 மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏதாவது சிரப் கொடுத்திருந்தால் அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.