சலினாஸில் ஏறும் உப்பு: அணையா, மறுசுழற்சியா, கடல்நீரா, மீட்டரா?

கோடை மாதங்களில் அமெரிக்கர்கள் சாப்பிடும் லெட்டூஸில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் மான்டரே கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்றது) போகிறது. ஸ்ட்ராபெர்ரி, புரோக்கோலி, ஆர்டிசோக் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் விளைச்சல். இத்தனைக்கும் கலிபோர்னியாவின் பெரிய கால்வாய்களில் ஒன்றுகூட இதெல்லாம் விளையும் சலினாஸ் பள்ளத்தாக்குக்கு வருவதில்லை. இருப்பது ஒரு ஆறு, அதன் கிளையாறுகளில் இரண்டு அணைகள், அப்புறம் நிலத்தடி நீர். இறைக்கும் தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விவசாயத்துக்கே போகிறது.

கடலோரக் கிணறுகளில் உப்பு தட்டுவது 1930களிலேயே தெரிந்துவிட்டது. 1946இல் மாநில அரசு விரிவாக ஆய்வு செய்து அறிக்கையும் கொடுத்தது. அதற்குப் பிறகு முயற்சி எடுக்காத தலைமுறையே கிடையாது, ஆனாலும் உப்பு மைல் கணக்கில் உள்ளே வந்து சலினாஸ் நகரம் இருக்கும் திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. என்ன செய்யலாம் என்று அங்கே இன்று விவாதிக்கப்படும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் நிலத்தடி அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இங்கே பல திட்டங்களின் வெற்றி தோல்வியை அதுதான் முடிவு செய்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதியில் நீர்த்தாங்கிகள், அதாவது நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மண் அடுக்குகள், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. சுமார் 180 அடியில் ஒன்று, 400 அடியில் ஒன்று, அதற்கும் கீழே ஆழ்நீர்த்தாங்கிகள். பெயரே ‘180 அடி’, ‘400 அடி’ என்றுதான். மேலே கெட்டியான களிமண் படலம் மூடியிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அந்த அழுத்தம் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும் என்பது பொதுவான கணக்கு. இறைத்து இறைத்து நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனபோது அந்தக் கணக்கு தலைகீழானது.

அணைகள்

முதல் தலைமுறையின் பதில் அணை. 1957இல் நாசிமியெந்தோ, அடுத்த பத்தாண்டுக்குள் சான் அன்டோனியோ. இரண்டின் கொள்ளளவும் சேர்த்தால் சுமார் 31 டி.எம்.சி., நம் மேட்டூரில் மூன்றில் ஒரு பங்கு. மழைக்காலத்தில் பிடித்து வைத்துக் கோடையில் ஆற்றில் விட்டால் மணல் வழியாக நிலத்தில் இறங்கும் என்பது திட்டம்.

இறங்கியது, ஆனால் மேல்பள்ளத்தாக்கில். அங்கே ஆற்றுப்படுகை மணற்பாங்கானது, குடித்துக்கொள்கிறது. உப்பு ஏறும் கடலோரத்தில் ஆற்றுக்கு அடியில் அந்தக் களிமண் படலம். மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் 180 அடிக்கு நேராக இறங்க வழியில்லை. அணையால் லாபம் மேலே இருப்பவர்களுக்கு, உப்பு கீழே இருப்பவர்களுக்கு. அணைகள் வீண் என்று நான் சொல்லவில்லை. மேல்பள்ளத்தாக்கின் மட்டம் இன்று ஓரளவு தாக்குப்பிடிப்பது அவற்றால்தான், வெள்ளத் தடுப்பும் அவற்றின் வேலை. உப்பை நிறுத்தும் வேலைக்கு மட்டும் அவை பொருந்தவில்லை.

இதைச் சரிக்கட்ட 2010இல் கடலோரத்துக்கு அருகே ஆற்றின் குறுக்கே ரப்பர் அணை ஒன்று வைத்தார்கள். பாசனக் காலத்தில் காற்றடைத்து நிமிர்த்துவார்கள், மழைக்காலத்தில் காற்றை இறக்கிப் படுக்க வைப்பார்கள். தேங்கும் ஆற்று நீரைக் குழாயில் எடுத்துக் கடலோர வயல்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம், அந்த அளவுக்குக் கிணறு ஓடாது. நல்ல யோசனை. ஆனால் 2012 முதல் 2016 வரையான வறட்சியில் சான் அன்டோனியோ கிட்டத்தட்ட வறண்டே போனது, ரப்பர் அணைக்குத் தண்ணீர் விட முடியாத வருடங்களும் வந்தன. கிணறுகளை நிறுத்த வேண்டிய அதே வருடத்தில் அணை கைவிரித்துவிடுகிறது.

நாசிமியெந்தோ சான் அன்டோனியோவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக நிரம்பும். அதனால் இரண்டுக்கும் நடுவே சுரங்கம் வெட்டி உபரியை மாற்றலாம் என்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. நாசிமியெந்தோவில் இருக்கும் அயல் மீன் இனம் ஒன்று அடுத்த ஏரிக்குப் போய்விடாமல் தடுப்பது எப்படி என்பது அதில் ஒரு சிக்கல், செலவு இன்னொரு சிக்கல். சான் அன்டோனியோவின் பழைய கலிங்கையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் புதுச் சுரங்கத்துக்கு முன் அந்தக் கலிங்குக்குத்தான் பணம் போக வேண்டும்.

ஊதாக் குழாய்த் தண்ணீர்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காஸ்ட்ரோவில் (Castroville) என்ற கடலோர ஊரின் சுற்றுவட்டாரத்தில் சுமார் 12,000 ஏக்கருக்கு 1998 முதல் நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது. பாய்வது சமைத்துச் சாப்பிடும் பயிர்களுக்கு மட்டுமல்ல, பச்சையாகச் சாப்பிடும் ஸ்ட்ராபெர்ரிக்கும் லெட்டூஸுக்கும்தான். கலிபோர்னியாவில் மறுசுழற்சி நீருக்கு அடையாளம் ஊதா நிறக் குழாய்.

இதற்கு விவசாயிகள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. சாக்கடைத் தண்ணீரில் விளைந்தது என்று ஒரு செய்தி வந்தால் வியாபாரிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் காஸ்ட்ரோவில் வயல்களிலேயே பல வருடம் பயிர் வைத்துச் சோதித்தார்கள். ஆர்டிசோக், புரோக்கோலி, காலிஃபிளவர், செலரி, லெட்டூஸ் என்று ஒவ்வொன்றையும் கிணற்று நீரில் ஒரு பாத்தி, மறுசுழற்சி நீரில் ஒரு பாத்தி என்று வளர்த்து, மண்ணையும் காயையும் பரிசோதித்தார்கள். 1987இல் வந்த அறிக்கை, பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கும் இது பாதுகாப்பானது என்றது. குழாயில் தண்ணீர் வர அதற்குப் பிறகும் பதினோரு வருடம் ஆனது. பொறுமையாக, வயலிலேயே நிரூபித்து, விவசாயியின் நம்பிக்கையைச் சம்பாதித்த திட்டம். வேறு எந்த வழிக்கும் இந்த அடித்தளம் இல்லை.

இன்னொரு விஷயத்திலும் இது அணையை மிஞ்சுகிறது. வறட்சி வந்தாலும் ஊர் குளிக்கும், பாத்திரம் கழுவும், அதனால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். களிமண் படலமும் இதற்குத் தடையில்லை. தண்ணீரை நிலத்துக்குள் இறக்க வேண்டிய அவசியமே இல்லை, வயலுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கிணற்றை நிறுத்தினால் போதும்.

குறைகளும் உண்டு. கிணற்று நீரைவிட இதில் சோடியமும் குளோரைடும் கூடுதல். ஆர்டிசோக் தாங்கிக்கொள்ளும். ஸ்ட்ராபெர்ரி தாங்காது. முதலில் இலை ஓரம் பழுப்பாகக் கருகும், அப்புறம் பழம் சிறுக்கும். கடலோரத்தில் ஆர்டிசோக் குறைந்து ஸ்ட்ராபெர்ரி பரவப் பரவ, வேறு நீரைக் கலந்துதான் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை பருவம். கோடை உச்சத்தில் தேவைக்குப் போதாமல் பழைய கிணறுகளை ஓட்ட வேண்டி வரும். குளிர்காலத்திலோ வயலுக்குத் தேவை இருக்காது, உபரி கடலுக்குப் போய்விடும்.

அந்தக் குளிர்கால நீரைப் பிடிக்க வந்ததுதான் பியூர் வாட்டர் மான்டரே திட்டம். நகரக் கழிவுநீரோடு சலினாஸில் லெட்டூஸ் கழுவிய தண்ணீர், வயல் வடிகால் நீர் எல்லாவற்றையும் சேர்த்து, ஓசோன், சவ்வு வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), புற ஊதா ஒளி என்று படிப்படியாகச் சுத்திகரித்து, 2020 முதல் சீசைடு நகரத்தின் அடியிலுள்ள நீர்த்தாங்கிக்குள் செலுத்துகிறார்கள். ஆண்டுக்கு 3,500 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 430 கோடி லிட்டர். விரிவாக்கத்துக்குப் பிறகு 5,750 ஏக்கர்-அடி. அந்தத் தண்ணீர் மான்டரே தீபகற்பத்தின் வீடுகளுக்குப் போகிறது.

கடல்நீரைக் குடிநீராக்குவது

தீபகற்பத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் தனியார் நிறுவனமான கால் ஆம், கார்மெல் ஆற்றில் உரிமைக்கு மீறி எடுக்கிறது என்று மாநில நீர் வாரியம் 1995இல் ஆணையிட்டது. அதற்கு மாற்றாக நிறுவனம் முன்வைத்தது கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை. 2022 நவம்பரில் கடலோர ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. முதல் கட்டம் நாளொன்றுக்கு 48 லட்சம் கேலன், சுமார் 1.8 கோடி லிட்டர்.

வறட்சிக்கு அசையாத ஊற்று கடல், அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆலை நேரடியாகக் கடலிலிருந்து எடுக்காது. மரீனா என்ற சிறு நகரத்தின் கடற்கரையில் சாய்வாகத் துளையிட்ட கிணறுகள் வழியாக எடுக்கும், அதில் ஒரு பகுதி நிலத்தடி நீராகவும் இருக்கும். சலினாஸ் படுகையின் நிலத்தடி நீரை வெளியே கொண்டுபோகச் சட்டத்தில் தடை இருப்பதால், ஈடாகக் காஸ்ட்ரோவில் ஊருக்குக் கொஞ்சம் தண்ணீர் திருப்பிக் கொடுப்பது திட்டத்தின் ஒரு பகுதி. மரீனாவுக்கோ ஒரு சொட்டு கிடையாது, அது கால் ஆம் விநியோகிக்கும் ஊரே அல்ல. கிணறு ஒரு ஊரின் கரையில், தண்ணீர் பக்கத்து வசதியான ஊர்களுக்கு என்றால் மரீனா மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

விவசாயத்தைப் பொறுத்தவரை இதை அலசவே அதிகம் இல்லை. மின்சாரச் செலவோடு இந்த விலைக்கு லெட்டூஸ் வளர்க்க முடியாது. கடலோரமாக வரிசையாகக் கிணறு வைத்து, ஏற்கெனவே உப்பான நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம் என்ற இன்னொரு யோசனையும் இருக்கிறது. உப்பு உள்ளே வருவதையும் அது தடுக்கும் என்பதால் நேரடிக் கடல்நீர் ஆலையைவிட இதில் அர்த்தம் அதிகம்.

பக்கத்துப் பள்ளத்தாக்கின் மீட்டர்

மான்டரே கவுன்டியின் வட எல்லையில் பஹாரோ பள்ளத்தாக்கு. அங்கேயும் ஸ்ட்ராபெர்ரி, அங்கேயும் உப்பு, அங்கேயும் கால்வாய் இல்லை. 1984இல் அதற்கென்றே தனி நீர் மேலாண்மை முகமை வந்தது. பெரிய கிணறுகளுக்கு மீட்டர் வைத்து, இறைத்த அளவுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். சலினாஸிலும் இறைத்த அளவை 1990களிலிருந்து கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சலினாஸில் வசூல் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில். சொட்டுநீரில் சிக்கனமாகப் பாய்ச்சுபவரும் தாராளமாக இறைப்பவரும் ஏக்கருக்கு ஒரே தொகை கட்டினால், மோட்டாரை நிறுத்த யாருக்கு என்ன காரணம்?

பஹாரோவின் வழி சுலபமாக அமையவில்லை. வழக்குக்கு மேல் வழக்கு. வாக்காளர்களிடமோ நில உரிமையாளர்களிடமோ முறைப்படி கேட்காமல் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முகமை திரும்பிப் போய், நில உரிமையாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, புதிய கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2013இல் நீதிமன்றம் அதை ஏற்றது. பணம் கட்டப்போகிறவர்களே வாக்களித்து ஏற்ற கட்டணம் என்பதால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் பஹாரோவின் வாட்சன்வில் நகரத்தில் 2009இல் மறுசுழற்சி நிலையம் வந்தது, கடலோர வயல்களுக்குக் குழாயும் வந்தது. வெளியிலிருந்து கால்வாய் நீரைக் கொண்டுவரும் பழைய குழாய்த் திட்டத்தைக் கைவிட்டார்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் விவசாயிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமும் சான்டா குரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நடக்கிறது. சரிவில் வழிந்தோடும் மழைநீரைச் சிறு குட்டையில் நிறுத்தி, மண்ணுக்குள் இறங்கியதை அளக்கிறார்கள். உர நைட்ரேட்டும் கூடவே இறங்கிவிடும் என்பதால் குட்டையின் அடியில் மரச்சில்லு பரப்பியும் சோதித்திருக்கிறார்கள். இறைத்ததற்கு மீட்டர் இருப்பதால்தான் இறக்கியதற்குத் தள்ளுபடி கொடுக்க முடிகிறது. சலினாஸின் கடலோரத்தில் இந்தக் குட்டை முறையைக் களிமண் படலம் விடாது, மேல்பள்ளத்தாக்கில்தான் பலிக்கும்.

என் வரிசை

சலினாஸுக்கு முதலில் வேண்டியது அளவுக்கேற்ற கட்டணம், இரண்டாவது மறுசுழற்சி நீரை இன்னும் அதிகமான கடலோர வயல்களுக்கு நீட்டுவது, மூன்றாவது இருக்கும் அணைகளைப் பழுது பார்ப்பது. கட்டணத்தை முன்னே வைப்பதற்குக் காரணம் ஆழ்நீர்த்தாங்கிகள். 180 அடி கெட்டதும் 400க்குப் போனார்கள். 400 கெட்டதும் இன்னும் கீழே போகிறார்கள். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வருடப் பழைய நீர், எடுத்தால் நம் காலத்தில் திரும்ப நிரம்பாது. புதிய ஆழ்கிணறுகளுக்குக் கவுன்டி 2018இல் அவசரத் தடை போட்டது, இரண்டு வருடத்தில் அது காலாவதியானது. தூர்க்காமல் விட்ட பழைய போர்வெல்கள் வழியாக மேலே இருக்கும் உப்பு கீழே கசிவது வேறு நடக்கிறது. புதுத் தண்ணீர் எவ்வளவு கொண்டுவந்தாலும், கீழே இறைப்பது இலவசமாக இருக்கும்வரை மோட்டார் ஓடத்தான் செய்யும்.

நிலத்தடி நீரைச் சமநிலைக்குக் கொண்டுவர, மாநிலத்தின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டம் இந்தப் படுகையின் 180, 400 அடி நீர்த்தாங்கிப் பகுதிக்கு 2040 வரை கெடு கொடுத்திருக்கிறது. கட்டணம் வந்தால் யார் தலையில் விழும் என்பதையும் இப்போதே பேசி முடிக்க வேண்டும். இங்கே நிலத்தில் பெரும்பகுதி குத்தகை. யூனிட் கணக்கில் வாங்கினால் முதலில் கட்டுவது குத்தகைக்காரர், ஏக்கர் கணக்கில் வாங்கினால் நில உரிமையாளர். சில ஏக்கரில் ஸ்ட்ராபெர்ரி போடும் சிறு விவசாயிகளில் பலர் முன்பு கூலிக்குப் பறித்தவர்கள். அவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வரை சலுகை விலையும், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் விலையும் வைக்கலாம். காஸ்ட்ரோவில் போன்ற ஊர்களின் குடிநீர்க் கிணறுகளை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம், அவை இறைப்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.