மூலிகைக் கோழி மருந்து என்று வேனில் வருகிறார்கள், உஷார்

பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் கம்பத்துக் கோழி வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் மூலிகைச் சாறு என்று ஒருவர் வேனில் வந்து லிட்டர் 180 வெள்ளிக்கு விற்கிறார். பாட்டிலில் ஓர் இலைப் படம் மட்டும்தான். என்ன செடி, யார் தயாரித்தது, காலாவதி எப்போது, எதுவும் கிடையாது.

என் தம்பிக்கு விற்றபோது, குஞ்சுத் தீவனத்தில் கலந்து வரும் இரத்தக் கழிச்சல் மருந்தையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். “அதுவும் ஆன்டிபயாட்டிக்தான் அண்ணே, இது ஒன்னே போதும்.” பச்சைப் பொய். இரத்தக் கழிச்சல் பாக்டீரியாவால் வருவதே இல்லை, குடலுக்குள் பெருகும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருவது, அதற்குக் கொடுக்கும் அம்ப்ரோலியம் ஆன்டிபயாட்டிக்கே கிடையாது.

அப்புறம் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒண்ட ஆரம்பித்தன, மரத்தூளில் எச்சம் இரத்தமாகக் கிடந்தது. போன் போட்டுக் கேட்டால் “உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகுது, அளவைக் கூட்டுங்க” என்கிறார்! கால்நடை மருத்துவர் செத்த குஞ்சு ஒன்றை அறுத்துக் காட்டினார், குருட்டுக்குடல் இரண்டும் உப்பி, உள்ளே முழுக்க இரத்தக்கட்டி. பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. இப்போது அந்த ஆள் போனை எடுப்பதே இல்லை.

செடிச் சாறு எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2006 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலக்கத் தடை, இங்கே மலேசியாவிலும் 2019 முதல் கால்நடைக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தடை, மனிதர்களுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் அந்த மருந்து, கிருமிகளுக்குப் பழகிப்போய் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் ஆரிகானோ எண்ணெய், பட்டை, பூண்டு என்று பலரும் தேடுவது நியாயம்தான். இவை தீவனத்தோடு சேர்ந்து குடலுக்குக் கொஞ்சம் துணை செய்யலாம், வந்த நோயை விரட்டும் மருந்து அல்ல. அதிலும் ஆரிகானோ மாதிரி எண்ணெய்கள் சூட்டில் ஆவியாகிப் போகும், அதனால்தான் ஒழுங்கான கம்பெனிகள் மேலே பூச்சுக் கொடுத்து விற்கின்றன. இவரோ வெந்நீரில் கலக்கச் சொல்லியிருக்கிறார்.

யார் வந்து விற்றாலும் லேபிளைக் கேளுங்கள், அதில் என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். இரத்தக் கழிச்சல் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீதிச் சாறு, பணம் கட்டிய சீட்டு, வேன் நம்பர், எல்லாம் வைத்திருங்கள். நாங்கள் கால்நடைச் சேவைத் துறையில் புகார் கொடுக்கப் போகிறோம், சேர்ந்து வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.