ஆவியில் வேகவைப்பதா, ஏர் ஃப்ரையரா?

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பொரிப்பதை விட்டு இந்த இரண்டில் எதற்கு மாறினாலும் லாபம்தான்.

ஆவிக்கு எண்ணெயே வேண்டாம். திறந்த பாத்திரத்து ஆவியின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதனால் எதுவும் கருகாது. மீன் உலராமல் மென்மையாக வேகும். காய்களைத் தண்ணீரில் மூழ்க வேகவைத்தால் வைட்டமின் சி நீரில் கரைந்து போகும். ஆவியில் அந்த இழப்பு குறைவு. ஆனால் மொறுமொறுப்பு மட்டும் வராது.

அது வேண்டுமென்றால் ஏர் ஃப்ரையர். அடிப்படையில் இது விசிறி வைத்த சின்ன ஓவன். சூடான காற்று வேகமாகச் சுழன்று உணவின் மேற்பரப்பை உலர்த்துவதால், ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவினாலே உருளைக்கிழங்குத் துண்டுகள் மொறுமொறுவென்று வந்துவிடும். கூடையை நிறைத்துவிடாதீர்கள், காற்று சுற்ற இடம் வேண்டும். உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துள்ளவை அதிகச் சூட்டில் சிவக்கச் சிவக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஏற்கெனவே பொரித்து உறையவைத்த பாக்கெட் உணவை இதில் சூடாக்கினால் அதிலுள்ள எண்ணெய் பெரும்பாலும் அதிலேயேதான் இருக்கும்.

தினசரிச் சமையலுக்கு நான் ஆவியைத்தான் சொல்வேன். பொரித்த ருசியை விடவே முடியாதவர்களுக்கு ஏர் ஃப்ரையர் சரி. ஆவியில் வெந்த காய்களில் சில துளி எண்ணெய் விடத் தயங்க வேண்டாம். வைட்டமின் ஏ, ஈ, கே உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு தேவை.