டவுன் பழைய டிவிடி கடை, நடிகர் பாலையா பிடிக்கும்னா கண்டிப்பா போங்க

நெல்லை டவுன்ல ரத வீதிய ஒட்டி இருக்க கடை. டி.எஸ்.பாலையா படம்னு கேட்டதும் அண்ணாச்சி ஒரு கட்டையே எடுத்து வச்சாவ, நம்ம ஜில்லாக்காரர்லா, நாடகத்துல வளந்து 1936ல சதிலீலாவதில வந்து கடைசி வரைக்கும் ஹீரோவுக்குப் பக்கத்துல நின்னே படத்த தூக்கி நிறுத்துனவரு. காதலிக்க நேரமில்லை பிரிண்ட் அருமை, நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல இவரு கண்ண உருட்டி மிரளுற அந்த மூஞ்சி அவ்ளோ தெளிவா தெரியுது. அதே மனுசன் திருவிளையாடல்ல ஹேமநாத பாகவதரா என்னா மிதப்பா நடப்பாரு! தில்லானா மோகனாம்பாள் டிஸ்க்ல சவுண்டு கம்மி, சொன்னதும் மாத்தித் தந்தாவ. வேலைக்காரி படம் வந்தா எடுத்து வைங்க அண்ணாச்சி, வாரேன்.