கையடக்க ராமன் கருவி: மூலப்பொருள் கிடங்கில் ஓராண்டு

எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் கிடங்கில் 785 நானோமீட்டர் லேசர் கொண்ட கையடக்க ராமன் நிறமாலைமானி ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். பொருளின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைக் கொண்டு அது இன்ன பொருள் என்று அடையாளம் காணும் கருவி இது. முன்பெல்லாம் வந்திறங்கும் ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அகச்சிவப்பு நிறமாலை முடிவுக்காகக் காத்திருப்போம். அந்த வேலையில் பெரும்பகுதி இப்போது குறைந்துவிட்டது. உள்ளிருக்கும் பாலித்தீன் பையைப் பிரிக்காமலேயே கருவியின் முனையை அதன்மீது வைத்தால், பாராசிட்டமால் போன்ற பொருள்களுக்குச் சில நொடிகளில் முடிவு திரையில் தெரிகிறது. காலையில் பாலிஸ்டைரீன் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதும் எளிய வேலைதான்.

எல்லாப் பொருள்களும் இப்படி இணங்கி வரும் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. மாத்திரைகளில் சேர்க்கும் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் லேசர் பட்டதும் ஒளிர்ந்து, நாம் தேடும் ராமன் குறிகளை மூழ்கடித்துவிடுகிறது. 1064 நானோமீட்டர் கருவிகளில் இத்தொல்லை வெகுவாகக் குறையும். சோடியம் குளோரைடு ராமன் குறி எதையும் தராததால், அதை இதனிடம் காட்டிப் பயனே இல்லை. பல அடுக்குக் காகிதச் சாக்குகளையும் இது ஊடுருவாது. ஒப்பிட்டுப் பார்க்க விற்பனையாளர் தந்த நிறமாலைத் தொகுப்பை மட்டும் நம்பாமல், நாங்கள் வாங்கும் ஒவ்வோர் உற்பத்தியாளரின் சரக்கிலும் பல பேட்ச்களை அளந்து சொந்தத் தொகுப்பை உருவாக்கிச் சரிபார்க்கவே நான்கு மாதங்கள் ஆயின. கருவியை விற்கச் செயல்விளக்கத்துக்கு வந்தவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் திரும்பத் திரும்பப் பேசியது, திரவ மருந்துகளில் கலந்து உயிரைப் பறிக்கும் நச்சுக் கரைப்பானான டைஎத்திலீன் கிளைக்காலைப் பற்றித்தான். 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்ததையும், 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் அந்த நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததையும் நினைவூட்டி, இக்கருவி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்றார். அதில் பாதிதான் உண்மை. திரவ மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்று பெயரொட்டி டைஎத்திலீன் கிளைக்காலே வந்தால் கருவி மறுத்துவிடும். நாங்கள் வைத்துப் பார்த்தபோதும் மறுத்தது. ஆனால் அனுமதிக்கப்பட்ட எல்லை 0.10 விழுக்காடு. அவ்வளவு நுண்ணிய கலப்பை இதனால் காண இயலாது. அதற்கு, கலவையை ஆவியாக்கிக் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறையான கேஸ் குரோமட்டோகிராபியே வேண்டும். டிரம்மில் இருப்பது இன்ன பொருளா என்று கேட்டால் இக்கருவி பதில் சொல்லும், அது தூயதா என்று கேட்டால் சொல்லாது. ஆகவே ஆய்வகச் செலவைக் குறைப்பதற்காக இதை வாங்க நினைக்கும் சிறு ஆலைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; டிரம் மாறிப்போவதைத் தடுக்க நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். செயல்விளக்கத்தின்போது அவர்கள் கொண்டுவரும் பாராசிட்டமாலை ஒதுக்கிவிட்டு, உங்கள் கிடங்கிலுள்ள செல்லுலோஸ் பையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.